கேள்வி கேட்காமல் விற்ற பம்பு

பம்புக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்தவன் யாரென்று தெரியாது. ஆனால் தெரிந்துதான் வைத்திருக்கிறான். வேக்குவம் பம்பு வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் அவள் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வாள். வந்தவர் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். எதுக்கு வேணும், பெட்டி எவ்வளவு பெருசு, எத்தனை மணி நேரம் ஓடணும், எங்கே வைக்கப் போறீங்க, பக்கத்துல தூசி இருக்கா, தண்ணி இருக்கா? பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு பெட்டிக்குள் இருப்பதை வெளியே உறிஞ்சித் தள்ளுகிற யந்திரம்தான் வேக்குவம் பம்பு. ஆனால் ஆளுக்கு ஆள் தேவை வேறு. பிரிட்ஜ் மெக்கானிக்குக் குழாயில் ஒரு துளி ஈரம் இல்லாமல் அடிவரை வழித்தெடுக்கிற பம்பு வேண்டும். பலகையை மேஜையோடு உறிஞ்சிப் பிடிக்க வைக்கிற தச்சனுக்கு அந்த அளவுக்கு ஆழம் வேண்டாம். நாலு இடத்தில் காற்று புகுந்தாலும் சளைக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கிற பம்பு போதும். ஈரச் சாமானைக் காய வைக்கிறவர் யோசிக்காமல் எண்ணெய் பம்பை வாங்கிப் போனால், நீராவி எண்ணெயில் கலந்து, இரண்டே மாதத்தில் பம்பைத் தோளில் சுமந்துகொண்டு சண்டைக்கு வருவார்.

இவ்வளவுக்கும் மேல் அவள் விடாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உள்ள இருந்து என்னங்க வரும்?"

எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். காத்துதான். சிறு தொழில் செய்கிறவர்கள் தாங்கள் என்ன காய்ச்சுகிறோம், என்ன உலர்த்துகிறோம் என்று வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் பக்கத்துப் பட்டறைக்காரன் நாளைக்கே அதையே செய்வான் என்று பயம். அவளும் விடமாட்டாள். "காத்தோட சேர்ந்து வேற என்ன வரும்?" என்று குடைவாள். இரண்டு தடவை பொய் சொன்னவர் மூன்றாவது தடவை தலையைச் சொறிவார். அப்புறம் உண்மை வரும். அதற்கேற்ற பம்பும் வரும்.

அன்று காலை கடை திறந்ததுமே முதலாளி பிடித்துக்கொண்டார். முந்தின நாள் ஒருவர் அவளுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது அவருக்கு இரவெல்லாம் உறுத்தியிருக்கிறது.

"ஏம்மா, வர்றவங்க பம்பு வாங்க வர்றாங்களா, பரீட்சை எழுத வர்றாங்களா?"

"தப்பான பம்பு போனா நாளைக்கு நம்மகிட்டதான சார் வந்து நிப்பாங்க."

"வந்து நின்னா நான் பாத்துக்கறேன். இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு கேட்டத எடுத்துக் குடு. அதுவும் முடியுதான்னு பாப்போம்."

அவளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷ வேலை. அவள் விற்ற பம்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. 'சரி, எனக்கென்ன வந்தது, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீம்பு என்றால் அவளுக்குச் சாப்பாடு மாதிரி. இல்லாவிட்டால் நாத்தனாரோடு இரண்டு வருஷமாகப் பேசாமல் இருப்பாளா?

பத்தரை மணிக்கு ஒருவன் வந்தான். நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வந்த உயரம். மனசுக்குள் அவனுக்கு ஏணி என்று பெயர் வைத்தாள். தோளில் ஒரு சாக்கு. அதைக் கீழே இறக்கி, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். எண்ணெய் பம்பு, அரை குதிரைச் சக்தி, ஒன்று. பழசை மாற்றிக்கொள்ளவும். அடியில் ஒரு போன் எண். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"உள்ள இருந்து என்ன வரும்?" பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"காத்துதாங்க!" அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி வந்தது.

பொய் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முதலாளி மேஜைக்குப் பின்னாலிருந்து மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேள்வியை விழுங்கினாள். அலமாரியிலிருந்து புதுப் பம்பை எடுத்தாள். மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாகச் சேர்ந்த சின்ன ரகம். ஸ்விட்ச் அதன் இடுப்பிலேயே இருக்கும். எண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். ஏணி அதைத் தூக்கிக்கொண்டு போனான். முதலாளி சிரித்தார்.

"பாத்தியா? அஞ்சே நிமிஷம்."

பன்னிரண்டு மணிக்குக் கடையில் கூட்டம் குறைந்ததும் அவள் சாக்கை அவிழ்த்தாள். மாற்றி வாங்கிய பழைய பம்பை எண்ணெய் வடித்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். அடியில் தட்டு வைத்து, திருகாணியைக் கழற்றினாள்.

எண்ணெய் தேன் மாதிரி இறங்க வேண்டும். இது தண்ணீராக ஊற்றியது.

அதோடு ஒரு வாடை வந்தது. பெட்ரோல் பங்கில் நிற்கும்போது வருமே, கிட்டத்தட்ட அந்த வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. திகட்டத் திகட்ட இனிக்கிற பூ வாசனை.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஹெக்சேன். பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பூவிலிருந்து வாசனையைப் பிரித்தெடுக்க அதில்தான் ஊறப் போடுவார்கள். பிறகு ஹெக்சேனை மட்டும் வேக்குவத்தில் ஆவியாக இழுத்துவிட்டால் அடியில் மெழுகு மாதிரி வாசனை தங்கும். பழைய பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோட்டாரே இல்லை. பெல்ட் ஓடுகிற சக்கரம் மட்டும் இருந்தது. அப்படியானால் மோட்டார் எங்கேயோ தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. பம்பு வெளியே விடுகிற வாயில் குழாய் மாட்டியிருந்த தடம் இருந்தது. ஆவியை வெளியே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். யாரோ விவரம் தெரிந்தவன் அமைத்துக் கொடுத்த ஏற்பாடு.

அவள் கொடுத்த புதுப் பம்பில் அந்த வாய்க்குக் குழாய் கிடையாது. குளிர்ந்து திரும்பத் திரவமாகாமல் தப்பி வருகிற ஹெக்சேன் ஆவி முழுக்க அறைக்குள்ளேயே வரும். அது காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையில் படியும். பம்பும் தரையில். பம்பின் ஸ்விட்சும் தரையில். ஸ்விட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே கடுகளவு பொறி ஒன்று தெறிக்கும். போட்டபோது அறையில் ஆவி இருந்திருக்காது. அணைக்கும்போது இருக்கும்.

அப்போதுதான் அந்தப் பூ வாசனை எங்கே அடித்தது என்பதும் ஞாபகம் வந்தது. ஏதோ தொழில் என்று கிளம்பிய நாத்தனார் இவர்கள் வீட்டில் இருந்தவரை அவள் புடவையில், தலையணையில், சீப்பில்கூட அடித்த வாசனை அது.

சீட்டில் இருந்த எண்ணுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கணவனுக்குப் போட்டாள்.

"ஏங்க, உங்க தங்கச்சி பட்டறை எங்க இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாமதான் ரெண்டு வருஷமா அவளோட…"

"உசுரு போற விஷயம்ங்க!"

பதில் மடமடவென்று வந்தது. "பழைய பஸ் டெப்போவுக்குப் பின்னாடி ரெண்டாவது தெரு. வரிசையா ஷெட்டு இருக்கும். நீலக் கதவு. முன்னால வண்டி நிறுத்தாத, பள்ளம் இருக்கு."

வாராவாரம் போகிறவன் மட்டும்தான் பள்ளத்தைப் பற்றிச் சொல்லுவான். அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். "அவளுக்கு போன் போட்டுக்கிட்டே இருங்க. எடுத்தாள்னா பம்பை நிறுத்தாம, எதையும் தொடாம, அப்படியே வெளிய வரச் சொல்லுங்க."

"எடுக்க மாட்டாளே! அந்த ரூமுக்குள்ள போனே கொண்டுபோகக் கூடாதாம். நெருப்பு பயம்."

போனுக்குப் பயந்தவள் பம்புக்குப் பயப்படவில்லை. கேள்விக்காரி ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"எங்கம்மா போற?" என்றார் முதலாளி.

"அஞ்சு நிமிஷத்துல வித்தனே, அதைத் திருப்பி வாங்க!"

இருபது நிமிஷ தூரம். முக்கில் ஒரு லாரி குறுக்கே நின்று சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. டிரைவர் ஏதோ திட்டினான். அவளும் திட்டினாள், இன்னது என்று இல்லாமல். வாய் அவனைத் திட்ட, மனசு அவளையே திட்டியது. அந்தப் பாவி முதலாளி கேட்காதே என்றால் உனக்குப் புத்தி எங்கே போயிற்று? ஒரே ஒரு கேள்வி. 'காத்தோட சேர்ந்து வேற என்ன வரும்?' அதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டிருந்தால் ஏணி தலையைச் சொறிந்திருப்பான். லாரியும் நடைபாதையும் விட்ட ஒரு முழ இடைவெளியில் ஸ்கூட்டரை நுழைத்துக் கொண்டுபோனாள்.

தெருமுனையிலேயே வண்டியை அணைத்தாள். போனை வண்டியிலேயே போட்டுவிட்டு ஓடினாள். நீலக் கதவுக்கு வெளியே ஆணியில் ஒரு கூடை தொங்கியது. அதற்குள் ஒரு போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. கணவன் விடாமல் முயற்சி செய்துகொண்டிருக்கிறான். ஏணி கொஞ்சம் தள்ளிக் குந்தி டிரம் கழுவிக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"பம்பு எவ்வளவு நேரமா ஓடுது?"

"முக்கால் மணி இருக்கும். ஏங்க?"

"ஜன்னல்?"

"வெக்கை உள்ள வரக் கூடாதுன்னு அக்கா எப்பவும் சாத்தித்தான் வெப்பாங்க. பூவு வாடிடுமாம்."

"மெயின் ஸ்விட்ச் எங்க?"

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இரும்புப் பெட்டியைக் காட்டினான். அதில் பூட்டு தொங்கியது. "பக்கத்து ஷெட்டுக்காரன் கரண்ட் திருடறான்னு அக்கா பூட்டி வெச்சிருக்காங்க. சாவி அவங்க இடுப்புல." கல்லை எடுக்கப் போனான். "உடைச்சிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!" கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதன் வழியாக அந்த வாடை தெருவுக்கே வந்துகொண்டிருந்தது. கல்லும் இரும்பும் மோதுகிற பொறி போதும். "நீ அந்தக் கோடி வரைக்கும் போய் நில்லு. பீடி கீடி யாராவது பத்த வெச்சா வாயில போடு."

ஏணி எதுவும் கேட்காமல் ஓடினான். செருப்பின் ஆணி தரையில் உரசிப் பொறி கிளம்பாமல் இருக்க, அவள் அதைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே மூடுபனி மாதிரி ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்திருந்தால் யாருமே உள்ளே நின்றிருக்க மாட்டார்கள். பம்பின் மேல்வாயிலிருந்து மட்டும் மெல்லிய வெள்ளை இழை ஒன்று எழும்பி, வளைந்து, தரைக்கு இறங்கியது. பம்பு காது அடைக்கிற மாதிரி இரைந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி நாத்தனார் நின்று, கண்ணாடிக் குடுவையில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாடையில் வருஷக்கணக்காக நின்று அவள் மூக்கு செத்துப் போயிருந்தது.

நிமிர்ந்தவள் அண்ணியைப் பார்த்தாள். முகம் சட்டென்று கல்லாகியது.

"வெளிய வா!" என்றாள் கேள்விக்காரி.

"என்ன? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இருங்க, நிறுத்தறேன்." நாத்தனார் குனிந்து ஸ்விட்சுக்குக் கையை நீட்டினாள்.

"தொடாதே!"

அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். அது நன்றாகவே கேட்டுவிட்டது. நாத்தனார் குனிந்தபடியே தலையை நிமிர்த்தினாள். கை ஸ்விட்சுக்கு மேலேயே நின்றது.

"என் பட்டறைக்குள்ள வந்து என்னையே அதட்டறீங்களா? இங்க என்ன நடக்குதுன்னு வேவு பாக்க வந்தீங்களா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உறவுக்காரர்கள் பத்துப் பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கேள்விக்காரி சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். 'இவளுக்குத் தொழில் எல்லாம் சொப்பு வெச்சு விளையாடற மாதிரிதான்' என்று. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நாத்தனார் கேட்டாள். சொல்ல மாட்டேன் என்று இவள் நின்றாள். மறுநாள் நாத்தனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதட்டினால் அடங்குகிற ஆள் இல்லை அவள். இப்போது கோபத்தில் ஸ்விட்சைத் தட்டிவிடுவாள். விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. பம்பின் இரைச்சலில் ஹெக்சேனும் பொறியும் பாதிதான் காதில் விழும்.

கேள்விக்காரி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. தப்பு என்னோடது. முழுக்க என்னோடது."

நாத்தனாரின் கை மெல்ல மேலே வந்தது. காதில் விழுந்தது சரிதானா என்பது போலப் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"தப்பான பம்பைக் குடுத்துட்டேன். நிறுத்தினா தீப்பிடிக்கும். எதையும் தொடாம, சாவியோட வெளிய வா. மன்னிப்பு வெளிய நின்னு எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கறேன்."

நாத்தனார் பம்பைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். பிறகு புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தரையில் பாம்பு கிடப்பது போல ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடந்தாள். எட்டு அடி தூரம்தான். கேள்விக்காரி பின்னாலேயே நடந்தாள், மூச்சை விடவும் பயந்துகொண்டு. குடுவை எங்கேயாவது தட்டுப்பட்டு விழுமோ, பம்பு சூடேறித் தானே நின்றுவிடுமோ என்று கண் நாலு பக்கமும் அலைந்தது.

வெளியே வந்ததும் கதவை மெதுவாகச் சாத்தினாள். அடியில் இருந்த இடைவெளியில் கழுவிப் போட்டிருந்த ஈரச் சாக்கை வைத்து அடைத்தாள். நாத்தனார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கை நடுங்கியது. சாவி துளையில் நுழையவில்லை. கேள்விக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இவள் கையும் நடுங்கியது. இரண்டு நடுக்கமும் சேர்ந்து எப்படியோ சாவி நுழைந்தது. பூட்டு திறந்தது. கேள்விக்காரி கண்ணை மூடிக்கொண்டு மெயினை இறக்கினாள்.

பம்பு இரைந்து, முனகி, நின்றது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

ஏணியைக் கூப்பிட்டு, மர ஜன்னல்களை வெளியிலிருந்தே குச்சியால் தள்ளித் திறக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்துக்கு யாரும் உள்ளே போகக் கூடாது என்றாள் கேள்விக்காரி. அக்கம்பக்கத்து ஷெட்டுக்காரர்களையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, இருவரும் எதிர்ப்பக்கத்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார்கள். தெருமுனையில் வண்டியில் கிடந்த போனில் கணவனைக் கூப்பிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லிவிட்டு வரும்படி கேள்விக்காரி ஏணியை அனுப்பினாள். அவள் போய்ப் பேசினால் அழுதுவிடுவாள்.

என்ன நடந்திருக்கும் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பழைய பம்பில் இருந்த சக்கரம், குழாய்த் தடம், தரையில் படிகிற ஆவி எல்லாம். நாத்தனார் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஷெட்டை வாடகைக்கு விட்டவர் வெச்சிருந்த செட்டப்பு அது. சத்தம் கேக்காம இருக்கத்தான் மோட்டாரை அந்தப் பக்கம் வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். மோட்டாரும் எரிஞ்சு போச்சு, பம்பும் இழுக்கல. புதுசு ஒண்ணாவே வந்தா தொல்லை விட்டதுன்னு… குழாயைக்கூட நான்தான் கழட்டிப் போட்டேன்."

"அவன்கிட்ட நான் கேட்டேன். காத்துதாங்கன்னான்."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். என்ன காய்ச்சறோம்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

"நானும் நம்பற மாதிரி தலையாட்டிட்டு குடுத்துட்டேன்."

நாத்தனார் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நம்பினீங்களா? நீங்களா? உப்பு வாங்கிட்டு வந்தாக்கூட எந்தக் கடை, எந்த மூட்டைன்னு கேப்பீங்களே அண்ணி! இந்த ஊர்ல பம்புக் கடை ஒன்பது இருக்கு. என் பட்டறைக்குப் பக்கத்துலயே ரெண்டு இருக்கு. உங்க மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருக்கறவ, எதுக்கு உங்க கடைக்கு அனுப்பறேன்? நான் என்ன பொய் சொல்லி அனுப்பினாலும், நோண்டி நோண்டிக் கேட்டு, உண்மையைக் கண்டுபிடிச்சு, சரியான பம்பை நீங்க குடுத்துடுவீங்கன்னுதான அனுப்பினேன்!"

கேள்விக்காரி நடைபாதையில் அப்படியே முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, தெருவே பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.